கடைவாய் மொட்டு

மனிதர்களை நான் முகத்தை வைத்து அடையாளம் கண்டதில்லை. தெருவில் யாராவது நிறுத்தி "என்ன, சௌக்கியமா?" என்று கேட்டால் ஒரு கணம் திருதிருவென்று விழிப்பேன். அவர் சிரித்த பிறகுதான், அட, கீழ்வரிசையில் மூன்று பல், இடப்பக்கம் கொக்கி என்று ஆள் பிடிபடும். பல் செட்டு செய்வது என் தொழில். மாடியில் டாக்டரம்மாவின் கிளினிக். கீழே, படிக்கட்டுக்கு அடியில், குனிந்து நுழைய வேண்டிய அறை என்னுடையது. வாய்க்குள் கை வைப்பது அவர் வேலை. அவர் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து மேலே அனுப்புவது என் வேலை.

அச்சு மட்டும்தானே வருகிறது, சுத்தமான தொழில் என்று நினைப்பவர்கள் ஒருநாள் வந்து பக்கத்தில் உட்காரலாம். அச்சோடு எச்சில் நூல் வரும். காலையில் தின்றது வரும். முந்தின நாள் தின்றதும் வரும். இருபது வருடத்தில் நான் கற்ற ஒரே தத்துவம், மனிதன் என்பவன் வெளியே துடைத்து வைத்த ஒரு குப்பைத்தொட்டி என்பதுதான். இந்தத் தத்துவத்தோடு நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். புத்தகம் படிக்க ஆரம்பித்ததும் கெட்டது.

முதல் புத்தகம் கிளினிக்கின் காத்திருக்கும் அறையில் யாரோ விட்டுப்போனது. ஆறு மாதம் யாரும் கேட்டு வராததால், ஆடுகிற என் மேசைக்கு முட்டுக்கொடுக்கக் கீழே வந்தது. அட்டையில் ஒரு தாடை எலும்பு. தொழில் சம்பந்தப்பட்டது போலிருக்கிறது என்று பிரித்தேன். அது மனிதன் எங்கிருந்து வந்தான், எப்படி நடந்தான், யாரோடு கலந்தான் என்று சொல்லும் புத்தகம். தாடை பல்லாயிரம் வருடம் பழையது. அதிலிருந்த பல் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இல்லை.

அன்று பிடித்தது பைத்தியம். மூன்று வருடத்தில் பதினோரு புத்தகம். பிளாஸ்டர் மூட்டைக்கும் மெழுகுப் பெட்டிக்கும் நடுவே ஒரு பலகை அடித்து அடுக்கினேன். மனிதகுலத்தின் பெருமையைப் படிக்கப்போகிறோம் என்று நினைத்தவனுக்குக் கிடைத்ததெல்லாம் வேறு. நம் மரபணுவில் நூற்றுக்கு எட்டுப் பங்கு, என்றோ நம் முன்னோர்களைத் தொற்றிய வைரஸ்களின் மிச்சமாம். மனிதன் எப்போது உடை உடுத்த ஆரம்பித்தான் என்பதைப் பேன்களின் மரபணுவை வைத்துக் கணித்திருக்கிறார்கள். அதைப் படித்த நாள் முழுக்கத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். அருவருப்பாக இருந்தது. விடவும் முடியவில்லை.

படிப்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. படித்ததைச் சொல்ல ஆள் தேடும் வியாதியும் சேர்ந்து வந்தது. இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்த மாதிரிப் புத்தகங்களில் கடைசிக்குச் சற்று முன்னால் ஓர் அத்தியாயம் வரும். இதை வைத்து இன்னது சொல்லலாம், இன்னது சொல்ல முடியாது, இது உறுதியில்லை, அது சந்தேகம் என்று ஆசிரியர் இழுத்துக்கொண்டே போவார். நாலு பேர் நடுவில் எடுத்துவிட அதில் ஒன்றும் தேறாது. எனவே பதினோரு புத்தகத்திலும் அந்த அத்தியாயத்தை நான் தாண்டிவிட்டேன்.

இனி அக்கா வீடு. என் அக்கா மருத்துவமனை ஒன்றில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறாள். நரம்பு கிடைக்காத கையே இல்லை அவளுக்கு. அத்தான் சர்வேயர். நிலத்தை அளந்து எல்லைக்கல் நடுகிறவர். அவர்களுக்கு ஒரே பெண், பதினாறு வயது. முன்பல் இரண்டும் பெரிதாக முளைத்த நாளிலிருந்து அவள் எல்லோருக்கும் அணில். அணிலுக்குக் கண் பழுப்பு, முடி சுருட்டை. எங்கள் பக்கமும் அப்படி யாரும் இல்லை, அத்தான் பக்கமும் இல்லை. "ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துட்டாங்க" என்று அக்காவே சொல்லிச் சிரிப்பாள். அந்த ஜோக்குக்கு அத்தான் ஒருநாளும் சிரித்ததில்லை என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் உறைத்தது.

அன்று அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஆளுக்கொரு எலும்பு கையில். பேச்சு வழக்கம்போல யார் யாருடைய சாயல் என்று திரும்பியது. எனக்குள்ளிருந்த பதினோரு புத்தகமும் ஒன்றாக எழுந்து நின்றன.

"மூஞ்சியப் பாத்து என்னக்கா தெரியும்? பல்லப் பாக்கணும். பல்லுதான் பத்திரம்."

"ஆரம்பிச்சுட்டான்" என்றாள் அக்கா.

"சிரிக்காத. மேல் கடைவாய்ப் பல்லு இருக்குல்ல, அதுல உள்பக்கம், நாக்கு படற எடம். சில பேருக்கு அங்க ஒரு சின்ன மொட்டு இருக்கும். அரிசியில பாதி. எனக்கு இருக்கு, உனக்கு இருக்கு. அப்பாவுக்கு செட்டு கட்டறதுக்கு முன்னாடி எடுத்த அச்சுல அவருக்கும் இருந்துச்சு. தலைமுறை தலைமுறையா வர்றது. அப்பனுக்கு இருந்தா பிள்ளைக்கு இருந்தே ஆகணும். மறைக்க முடியாது, அழிக்க முடியாது."

மொட்டு உண்மை. பரம்பரையாக வரலாம் என்பதும் உண்மை. 'இருந்தே ஆகணும்' மட்டும் என் சொந்தச் சரக்கு.

அத்தான் எலும்பைத் தட்டில் வைத்தார். அவர் கன்னத்துக்குள் நாக்கு ஊர்ந்து போவது வெளியே தெரிந்தது. பாதி திறந்த வாய்க்குள் அரைபட்ட சோறு. மேலே, கீழே, இடம், வலம் என்று நிலம் அளப்பது போலவே அளந்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"எனக்கும் இருக்குடா மாப்ள! வலது பக்கம். நல்லாப் பெருசா!"

"பெருசா இருந்தா பழைய குடும்பம் அத்தான்" என்று நான் வேறு ஊதிவிட்டேன்.

"அணில், வாயத் தொற."

"சாப்பிட்டுட்டு இருக்கேன்ப்பா."

"தொறடீ." அவர் போனில் விளக்கைப் போட்டுவிட்டார். மேசைக்குக் குறுக்கே குனிந்து, எண்ணெய்க் கையால் அவள் தாடையைப் பிடித்து உள்ளே பார்த்தார். "இல்லையே? நாக்க வச்சுப் பாரு."

அணில் நாக்கை ஓட்டினாள். "இல்ல. வழுவழுன்னு இருக்கு."

"எல்லாரும் வாய மூடிட்டுச் சாப்பிடறீங்களா? இது வீடா, பல் கிளினிக்கா?" என்றாள் அக்கா. நானும் அணிலும் சிரித்தோம். அத்தான் விளக்கை அணைத்தார். அதற்குப் பிறகு அவர் எலும்பைத் தொடவில்லை.

அடுத்த வாரம் என் அறை வாசலில் வந்து குனிந்து நின்றார். "மாப்ள, அந்த மாதிரிப் புத்தகம் ஒண்ணு குடேன், படிக்கலாம்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று வருடத்தில் யாரும் என்னிடம் புத்தகம் கேட்டதில்லை. கொடுத்தாலும் வாங்கியதில்லை. இருப்பதிலேயே நல்லதைத் துடைத்துக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் நான்கு புத்தகம் வாங்கிப்போனார். நான்கும் மொத்தமாக ஒரு பையில் திரும்பி வந்தன.

பையைத் திறந்தேன். ஒவ்வொரு பக்கத்தின் மேல்மூலையும் விறைத்து, மஞ்சளாக, அலையலையாக இருந்தது. நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டுப் புரட்டியிருக்கிறார். ஒன்றிரண்டு இடத்தில் பக்கங்கள் ஒட்டியே போயிருந்தன. மற்றவர்களின் வாயைத் தினமும் கையில் வாங்குகிற எனக்கே குமட்டியது. ஆனால் அது ஒன்றுமில்லை என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டிருந்தார். ஸ்கேல் வைத்து, நூல் பிடித்த மாதிரி, சர்வேயர் கோடு. முதல் புத்தகம் முந்நூற்றெண்பது பக்கம். ஒரு சின்னக் கூட்டம் நடந்து நடந்து உலகம் முழுக்கப் பரவிய கதை. கலப்பில்லாத ரத்தம் என்று யாருக்கும் இல்லை என்று ஆசிரியர் பத்து இடத்தில் சொல்லியிருந்தார். அந்தப் பத்து இடமும் கோடில்லாமல் வெள்ளையாக இருந்தது. ஜோடியாக வாழும் பறவைகளின் கூட்டில் வேறு ஆண் பறவையின் குஞ்சும் இருப்பதுண்டு என்று வருகிற பத்திக்கு மட்டும் இரட்டைக் கோடு. இரண்டாவது புத்தகத்தில், புதிதாக வரும் ஆண் சிங்கம் பழைய சிங்கத்தின் குட்டிகளைக் கொல்லும் இடம். மூன்றாவதில், தாய்க்குத் தன் பிள்ளை தெரியும், தகப்பனுக்கு அந்த நிச்சயம் இல்லை என்ற வரி. ஓரத்தில் 'கவனிக்க' என்று எழுதியிருந்தார்.

நான்காவதில் பல்லைப் பற்றிய அத்தியாயம். அதன் ஓரத்தில் ஒரு வருடம் எழுதியிருந்தது. அணில் பிறந்ததற்கு முந்தின வருடம். அதற்குக் கீழே, அதே நேரான கையெழுத்தில்: 'இரவு டூட்டி, ஏழு மாதம்.'

புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு மறுபடியும் கழுவினேன். என் பலகையிலிருந்து போன புத்தகம். நான் போட்ட தூபம். இரண்டு லட்சம் வருட மனித வரலாற்றை ஒருவர் சல்லடையில் சலித்து, தன் பெண்டாட்டியைச் சந்தேகிக்கத் தேவையான கசடை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

நியாயமாக அன்றே அக்காவுக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அக்காவிடம் சொன்னால் அவள் வீடு உடையும். அத்தானிடம் கேட்டால் எனக்கும் அவருக்கும் உடையும். பேசாமல் இருந்தால் எதுவும் உடையாது என்று கணக்குப் போட்டேன். கோழைகள் போடுகிற கணக்கு எப்போதும் சரியாகவே வரும். நான்காவது புத்தகத்தை மட்டும் பலகையில் வைக்க மனம் வராமல், காலி பிளாஸ்டர் வாளியில் போட்டு மூடினேன். போடும்போது கடைசிப் பக்கங்களில் ஸ்கேல் இல்லாத சாய்ந்த பென்சில் கோடுகள் கொஞ்சம் கண்ணில் பட்டன. அது யாருடையது என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

விடுமுறை நாள் ஒன்றில், கிளினிக் பூட்டியிருக்க, நான் பாக்கி வேலையை முடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் வண்டிச் சத்தம். அத்தான் முன்னால் குனிந்து வந்தார், பின்னால் அணில்.

"இவ பல்லுக்குக் கம்பி கட்டணும் மாப்ள. டாக்டரம்மாகிட்டப் போறதுக்கு முன்னாடி நீ ஒரு அச்சு எடுத்துப் பாத்துடு."

"அது அவங்கதான் எடுக்கணும் அத்தான்."

"உனக்கு எடுக்கத் தெரியாதா? அவங்ககிட்ட அசிஸ்டென்டா இருந்தவன்தானே?"

எதற்காக வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும். 'முடியாது' என்ற ஒரு வார்த்தை போதும். நான் கிண்ணத்தை எடுத்து மாவைக் குழைத்தேன்.

அச்சு மாவு இளஞ்சிவப்பாக இருக்கும். குமட்டலை மறைக்க அதில் ஏதோ பழ வாசனை சேர்த்திருப்பார்கள். பழத்தையே வெறுக்கவைத்த வாசனை. அணிலை ஸ்டூலில் உட்காரவைத்து, பல்வரிசைபோல் வளைந்த தட்டில் மாவை வழித்து, மேல்வாயில் ஏற்றி, விரலால் அழுத்திப் பிடித்தேன். "மூக்கால மூச்சு விடும்மா. ரெண்டு நிமிஷம்." மாவு இறுகும்வரை பேச முடியாது, விழுங்க முடியாது. எச்சில் மோவாயில் வழிந்து என் மணிக்கட்டில் இறங்கியது.

அத்தான் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இதுல அந்த மொட்டு தெரிஞ்சுடும்ல?"

"எந்த மொட்டு?"

"நடிக்காத மாப்ள. பதினாறு வருஷமா எனக்குள்ள ஒண்ணு கெடந்து அரிக்குது. யார்கிட்டக் கேக்க முடியும்? நீ வீட்டாளு. உன் வாயால சொல்லிடு. இவ எனக்குப் பொறந்தவளா, இல்லையா?"

அவள் அங்கே இல்லாதது போலச் சொன்னார். வாயில் அச்சு இருப்பவருக்குக் காதும் கேட்காது என்ற எண்ணம் மாடியிலும் பலருக்கு உண்டு. அணிலின் பழுப்புக் கண்கள் என்னைப் பார்த்தன. அவரை அல்ல, என்னை. மாவு பாதிதான் இறுகியிருந்தது. இப்போது எடுத்தால் தொண்டைக்குள் போகும். என் விரல் அவள் வாய்க்குள் இருக்கிறது. 'வெளிய போங்க அத்தான்' என்று கத்தியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"இன்னும் ஒரு நிமிஷம் அத்தான்."

இருபது வருடத்தில் எத்தனையோ வாயிலிருந்து என்னென்னவோ எடுத்திருக்கிறேன். இத்தனை நாற்றமடித்த ஒன்று எதிலிருந்தும் வந்ததில்லை.

தட்டை இழுத்து எடுத்தேன். அணில் தண்ணீர் வாங்கிக் கொப்பளித்துத் துப்பினாள். மறுபடி கொப்பளித்தாள். மோவாயைத் துடைத்துக்கொண்டு பேசினாள். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"மாமா, உங்களுக்கு மொட்டு இருக்கா?"

"இருக்கும்மா."

"அம்மாவுக்கு?"

"இருக்கு."

"எனக்கு இல்ல. இருந்தே ஆகணும்னு நீங்கதான சொன்னீங்க? அப்ப நான் அம்மாவுக்கும் பொறக்கல. அதானே கணக்கு?"

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் என்னைப் பார்த்தார். பதினோரு புத்தகம் படித்த ஒருவனுக்கும், ஸ்கேல் வைத்துப் படித்த ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

"அது... அம்மா வழி வேற" என்றார் அத்தான். "அவங்களுக்கெல்லாம் சின்னது. எனக்கு இருக்கறது பெருசு. பெருசு விட்டுப்போகாது."

"எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?"

"எல்லாத்தையும் உனக்குச் சொல்லணுமா?"

"நானும் படிச்சேன்ப்பா. நாலும் நம்ம வீட்டு அலமாரியிலதான் கெடந்துச்சு. இத வச்சுத் தனி ஆளு யாருக்குப் பொறந்தாருன்னு சொல்லவே முடியாதுன்னு கடைசியில ஒரு அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கு. பென்சில்ல கோடு போட்டு வச்சேன், நீங்க பாப்பீங்கன்னு." அவள் என் பக்கம் திரும்பினாள். "அப்புறம் அந்தப் புத்தகம் உங்ககிட்ட வந்துச்சு மாமா. அப்பா ஓரத்துல எழுதுனத நீங்களும் பாத்தீங்கதானே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் எல்லாம் தெரிந்தேதான் இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். மாமா ஏதாவது சொல்லித் தடுப்பான் என்று வாயைத் திறந்து காத்திருந்திருக்கிறாள்.

"சரி. அப்பாவுக்கும் எடுங்க" என்றாள். "அந்தப் பெருசையும் பாத்துடலாம்."

அத்தான் சவாலுக்கு உட்கார்ந்தார். வாயைத் திறந்ததும், மூடிவைத்து மறந்த பாத்திரத்தைத் திறந்த மாதிரி இருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டை ஏற்றினேன். பேச முடியாத இரண்டு நிமிடம் இப்போது அவருக்கு. அணில் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள். எச்சில் அவர் மீசையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டை இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். உள்ளே 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம், தட்டு கையோடு வந்தது.

இளஞ்சிவப்பு மாவில், வலது கடைவாய்ப் பல் பதிந்த குழியின் ஓரத்தில், ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கடுகைவிடப் பெரியது. பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறம். குறட்டால் எடுத்தேன். ஓரம் பொடிந்தது. வாடை எழுந்தது.

அத்தானின் நாக்கு கன்னத்துக்குள் பதறி ஓடியது. "காணோம்! மாப்ள, காணோம்டா! எங்க போச்சு?"

"இங்க இருக்கு அத்தான்."

"என்னது அது?"

"காரை. பல் காரை. ஏழெட்டு வருஷத்து அழுக்கு. சாதாரணமா அந்த எடத்துல இவ்வளவு கட்டாது. உங்கள மாதிரித் தேய்க்கறவங்களுக்கு எங்க வேணா கட்டும்."

ஆதிமனிதர்களின் பல்லிலிருந்து இப்படிப்பட்ட காரையைச் சுரண்டி எடுத்து, அவர்கள் என்ன தின்றார்கள், வாயில் என்னென்ன கிருமி வளர்ந்தது என்றெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். அதைப் பொக்கிஷம் என்று படித்திருக்கிறேன். அத்தானின் பொக்கிஷத்தைக் குறட்டில் பிடித்தபடி நின்றேன். இந்த அழுக்கைத்தான் அவர் இரண்டு மாதமாக நாக்கால் தடவித் தடவிக் கும்பிட்டிருக்கிறார். அதை வைத்துத்தான் என் அக்காவை அளந்திருக்கிறார்.

அவர் முகம் சிவந்தது. அப்புறம் ஏதோ கணக்கு ஓடியது. அப்புறம், நான் எதிர்பார்க்கவே இல்லை, பளிச்சென்று விடிந்தது.

"அப்படின்னா எனக்கும் இல்ல!"

"இல்ல."

"அவளுக்கும் இல்ல!" ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தார். படிக்கட்டின் அடிப்பாகத்தில் தலை இடித்தது. அதைக்கூடக் கவனிக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் இல்ல! ஒண்ணு போல! நான்தான் கிறுக்கன் மாதிரி... வாடா கண்ணு, வா!" மீசையெல்லாம் இளஞ்சிவப்பு மாவோடு, கண்ணில் தண்ணீரோடு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

காரையைப் பார்த்தபோது எனக்கு வராத குமட்டல் இப்போது வந்தது. அழுக்கு இருந்தபோது மகள் இல்லை. அழுக்கு உதிர்ந்ததும் மகள். நான் தலையாட்டினால் போதும். இவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார், அக்காவுக்கு எதுவுமே தெரியாமல் முடிந்துவிடும். என் கோழைக் கணக்கு இந்த முறையும் சரியாகவே வந்தது. அணில் விரிந்த கைகளைப் பார்க்கவில்லை. மறுபடியும் என்னைத்தான் பார்த்தாள்.

"அத்தான், உக்காருங்க" என்றேன். "இதுலயும் ஒண்ணும் தெரியாது. இருந்தாலும் தெரியாது, இல்லாட்டியும் தெரியாது. அன்னிக்கு நான் பேசுனது பூராவும் பீத்தல். அந்த அத்தியாயத்த நான் படிக்கவே இல்ல."

விரித்த கைகள் மெல்ல இறங்கின. "அப்ப... எப்படித் தெரியும்?"

"தெரியாமலே இருங்க" என்றாள் அணில். "புத்தகத்துல எத்தனை லட்சம் வருஷம் சொல்றாங்க? அதுல இருந்த எந்த அப்பாவுக்குத் தெரியும்? தெரியாமத்தான் தோள்ல தூக்கிட்டு நடந்தாங்க. உங்களால முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லுங்க."

"அணில், அப்பா வந்து..."

"அந்த ஏழு மாசம் அம்மா ஏன் நைட் டூட்டி போனாங்க, ஞாபகம் இருக்கா? ஆல்பத்துல போட்டோ இருக்கு. பின்னாடி தேதியும் இருக்கு. அளக்கப் போன எடத்துல பள்ளத்துல விழுந்து, இடுப்பு வரைக்கும் கட்டுப் போட்டுப் படுத்திருக்கீங்க. பகல்ல உங்களக் குளிப்பாட்ட, மலம் அள்ள ஆள் வேணும்னுதான் அம்மா ராத்திரிக்கு மாத்திக்கிட்டாங்க. அதை எந்தப் புத்தகத்து ஓரத்துல எழுதி வச்சீங்க?"

அத்தான் உட்கார்ந்தார். மீசையிலிருந்த மாவைத் துடைத்தார்.

"என் அச்ச என்கிட்டக் குடுங்க மாமா."

"ஈரமா இருக்கும்மா. இப்பவே பிளாஸ்டர் ஊத்தலன்னா சுருங்கிடும்."

"சுருங்கட்டும்."

ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு குனிந்து வெளியேறினாள். "வண்டியில வா" என்று அத்தான் பின்னாலேயே ஓடினார். அவள் நடந்தே போனாள். அவர் வண்டியை உருட்டிக்கொண்டு பத்தடி பின்னால் போவது என் தாழ்வான ஜன்னலில், கால்கள் மட்டும், கொஞ்ச தூரம் தெரிந்தது.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். எடுத்ததும் கேட்டாள்: "என் பொண்ணோட வாயத் தொறக்க நீ யாருடா?"

போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"அணில் எல்லாம் சொல்லிட்டா. அந்தாளு எழுதுனத நீ பாத்திருக்க. பாத்துட்டு எனக்கு ஒரு போன் பண்ணல. ஆனா மாவு மட்டும் குழைக்கத் தெரிஞ்சுது."

"தப்புதான்க்கா."

"தப்பா? த்தூ." நிஜமாகவே துப்பினாள். போனை யாரோ கண்டுபிடித்தது நல்லதாகப் போயிற்று, சாரல் என் மேல் தெறிக்கவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "ஊசிய எடுத்துட்டு முன்னாடி போய் நின்னேன். ரத்தம் எடுத்து டி.என்.ஏ. டெஸ்ட்டுக்கு அனுப்பிடறேன், கைய நீட்டுங்கன்னேன். ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டார். வேண்டாம், வேண்டாம்னு ஒரே அழுகை."

"அப்புறம்?"

"நான் பேசல. இனி எப்பப் பேசுவேன்னும் தெரியல. அணில்கிட்டப் போய் நின்னு, 'முடியும்மா' அப்படின்னார். 'தெரியாமலா?'ன்னு கேட்டா அவ. 'தெரியாமலே'ன்னார். 'போய்ப் பல்லு தேய்ச்சுட்டு வந்து சொல்லுங்க'ன்னு கதவச் சாத்திக்கிட்டா."

"தேய்ச்சாரா?"

"தேய்ச்சுட்டு இருக்கார். முக்கால் மணி நேரமா. ஈறு பூரா ரத்தம், இன்னும் நிறுத்தல."

எங்களையும் மீறி இருவருக்கும் சிரிப்பு வந்தது. உடனே அக்கா நிறுத்திக்கொண்டாள். "உன்னையும் அவ மன்னிக்கல. அதையும் தெரிஞ்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அந்தக் காரை இன்னும் மேசையில், குறட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. காகிதத்தில் சுற்றித் தொட்டியில் போட்டேன். கிண்ணம் கழுவினேன், தட்டு கழுவினேன், கை கழுவினேன். கை மட்டும் கழுவின மாதிரியே இல்லை.

வாளியைத் திறந்து நான்காவது புத்தகத்தை எடுத்து, பிளாஸ்டர் தூசியைத் தட்டினேன். கடைசிக்கு முந்தின அத்தியாயம். அதன் முதல் இரண்டு பக்கங்களும் அத்தானின் எச்சிலில் ஒட்டிக்கிடந்தன. கோடு போட ஏதாவது கிடைக்குமா என்று அதுவரை வந்து பார்த்துவிட்டு, கிடைக்காமல் திரும்பியிருக்கிறார். மெழுகுக் கத்தியைச் செருகி, கிழியாமல், மெல்ல, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தேன். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மூலைகளைத் துடைத்தேன். கறை போகவில்லை. அணிலின் பென்சில் கோடு அந்தக் கறைக்குச் சற்றுக் கீழே ஆரம்பித்தது.

விரல்நுனியால் பக்கத்தின் அடியோரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.